பச்சை பட்டன்

கடைக்காரர் லேப்டாப்பை அய்யூப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசினார். கேள்வி கேட்டதெல்லாம் ஜெய்புன்னிசா. பதில் போனதெல்லாம் அவளுடைய அண்ணனுக்கு.

“மெமரி எவ்வளவுங்க?” என்றாள்.

“பதினாறு எம்.பி. சார்,” என்றார் கடைக்காரர், அய்யூப்பைப் பார்த்து.

“பின்னால கூட்டிக்க முடியுங்களா?”

“தாராளமா சார்.”

அய்யூப் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டினான். மெமரி என்றால் என்ன, எதற்கு அது கூடுதலாக வேண்டும் என்று நல்லூரிலிருந்து கோயமுத்தூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் அவள்தான் அவனுக்குப் பாடம் எடுத்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கறுப்பாக, கனமாக இருந்த ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டு இருந்தது. விரலால் அழுத்தியதும் நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. சீடி போடும் இடம். அவள் தேடி வந்ததே அதைத்தான். அவள் கற்றுக்கொள்ள நினைத்த விஷுவல் பேசிக் என்கிற புது புரோகிராம் மொழி சீடியில்தான் வருகிறது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அந்தத் தட்டும் கிடையாது, அதைத் தாங்கும் தெம்பும் கிடையாது.

“அது லேடீஸுக்கு வெயிட்டா இருக்குமே சார்,” என்றார் கடைக்காரர்.

“தூக்கிட்டு அலையப் போறது எங்கண்ணன்தானுங்க. நான் உக்காந்த இடத்துல அடிக்கிறவ.”

கடைக்காரர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். “டைப்பிங்குங்களா?”

“புரோகிராமுங்க.”

“நம்ம ஆபீஸ்ல எல்லாம் இந்தப் புள்ளதான் பாத்துக்குதுங்க,” என்று அய்யூப் சட்டென்று குறுக்கே புகுந்தான். பிறகு, “சரி, இதையே ஆர்டர் போட்டுக்குங்க. நான் வந்து எடுத்துக்கறேன்,” என்றான்.

ஆபீஸ் என்று அவன் சொன்னது அவர்கள் வீட்டு முன்னறையை. அம்மா சபுரா பீவி தொழுவதும், ஜெய்புன்னிசா கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும் அந்த ஒரே அறையில்தான். அண்ணன் தன்னைப் பெருமையாகச் சொன்னதாகத்தான் அன்றைக்கு அவளுக்குப் பட்டது. திரும்பி வருகையில் பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, அந்தத் தட்டு வெளியே வந்த விதத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

பெற்ற அத்தா இறந்துபோன பிறகு அய்யூப் நூல் ஏஜென்டுகளுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தான். அவள் கணக்கில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் பாக்ஸ்புரோ கற்றிருந்தாள். முதல் வேலையைப் பிடித்து வந்தது அவன்தான். அப்துல் ரவூப் என்பவருடைய பனியன் கம்பெனிக்கு ஒரு புரோகிராம். நூல் எத்தனை கிலோ நிட்டிங்குக்குப் போனது, துணி எவ்வளவு சாயத்துக்குப் போனது, எவ்வளவு கட்டிங்குக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். அவள் எழுதினாள். அவன் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினான். கம்பெனிக்குள் ஆம்பளைகளோடு உட்கார்ந்து பேசுவது உனக்குச் சரிப்படாது என்றான். அதுவும் அவளுக்குச் சரியென்றே பட்டது.

அந்தப் புரோகிராமில் ஒரு கேள்வி வைத்திருந்தாள். பனியன் துணி ரோலாகச் சுற்றி வரும்போது இழுபட்டு வரும். பிரித்து ஒரு ராத்திரி ஆறப் போட்டால்தான் தன் அளவுக்குச் சுருங்கும். அவசரப்பட்டு வெட்டினால், தைத்த பனியன் முதல் துவைப்பிலேயே குட்டையாகிவிடும். அதனால், துணியை ஆறப் போட்டாச்சா என்று கேட்டு, பதில் கொடுத்த பிறகே புரோகிராம் துணியைக் கட்டிங்குக்கு விடும். ரவூப்பின் கட்டிங் மாஸ்டர் முதலில் திட்டித் தீர்த்தாராம். பிறகு, ஏற்றுமதிக்குப் போன சரக்கு திரும்பி வருவது குறைந்ததும் வாயை மூடிக்கொண்டாராம்.

“ரவூப் பாய் என் தோள்ல தட்டி, ‘தம்பிக்குத் தொழில் தெரியுதப்பா’ன்னாரு,” என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான் அய்யூப். அவளும் சிரித்தாள். சோற்றில் ஒரு கல் கடிபட்டது போல இருந்தது. துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். அண்ணன் தோளில் தட்டினால் என்ன, தன் தோளில் தட்டினால் என்ன?

பிறகு கம்பெனிகளில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. மவுஸைப் பிடித்து அழுத்தினால் வேலை நடக்க வேண்டும், திரை கலர் கலராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். பாக்ஸ்புரோவின் கறுப்புத் திரையைப் பார்த்தாலே முகம் சுளித்தார்களாம். “நாமளும் மாறிரோணும் ஜெய்பு. லேப்டாப் வாங்கிருவோம். நீ புதுசைக் கத்துக்கோ. கோயமுத்தூர் கிளாஸுலயே சேத்தி உடறேன்,” என்றான் அய்யூப்.

அவளுக்கு அதுவரை பொறுக்கவில்லை. கூடப் படித்த ஷரீபுன்னிசாவிடம் விஷுவல் பேசிக் புத்தகத்தை இரவல் வாங்கி, இயந்திரம் இல்லாமலேயே கற்க ஆரம்பித்தாள். மடித்த பனியனுக்குள் விறைப்புக்கு வைக்கிற வெள்ளை அட்டைகள் தெருவெல்லாம் கிடைக்கும். ஒரு அட்டை ஒரு திரை. ஸ்கேல் வைத்துக் கட்டங்கள் போட்டாள். எந்தக் கட்டத்தில் நூல், எதில் சாயம், எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று யோசித்து யோசித்து வரைந்தாள். திரையில் தமிழ் வராது. அதனால் ஆங்கில எழுத்தில் KIDAPPU என்று எழுதி, அந்தப் பட்டனுக்கு மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் பச்சை அடித்தாள். துணி கிடந்து ஆறுகிறது என்பதற்கு அவளுக்குப் பச்சைதான் தோன்றியது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் அட்டைகளைக் காணவில்லை.

“குப்பைன்னு போயிருக்குமோ என்னமோ கண்ணு,” என்றாள் அம்மா. “ஊடு பூரா அட்டையாப் போட்டு வெச்சா?”

மறுபடியும் வரைந்தாள். இரண்டாவது முறை கை தானாகவே போனது. கற்றுக்கொண்டுவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லேப்டாப் வந்ததும் அண்ணனுக்கு முன்னால் நேராக எழுதி ஓட்டிக் காட்ட நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தெருவில் தறிச்சத்தமும் தையல்சத்தமும் இல்லாத மத்தியானத்தில், அய்யூப் ஒரு பையோடு வந்தான். “அம்மா, இங்க வாங்க. ஜெய்பு, கையைத் தொடச்சுட்டு வா.”

பையிலிருந்து வந்தது கறுப்பு இல்லை. சாம்பல் நிறத்தில் மெலிதாக, புத்தகம் போல இருந்தது. ஜெய்புன்னிசா எடுத்துத் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

“சீடி போடற இடம் இல்லீங்களேண்ணா.”

“அது இருந்தா கனம் கண்ணு. இது பாரு, தூக்குனா தெரியவே மாட்டீங்குது. பார்ட்டிக்கு முன்னால வெச்சா ஒரு கெத்து வேண்டாமா?”

“சீடி இல்லாம நான் எதை ஏத்தி எழுதறது?”

“அட, இரு புள்ள. மொதல்ல இதைப் பாரு,” என்று திறந்து வைத்தான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

திரையில் வெளிச்சம் பரவியது. அவளுடைய அட்டை அது. நூல் கட்டம் இடது பக்கத்தில், சாயம் அதற்குக் கீழே, கட்டிங் வலது ஓரத்தில். அவள் விட்ட இடைவெளி கூட அப்படியே இருந்தது. அய்யூப் மவுஸை நகர்த்தினான். கட்டங்கள் திறந்தன, மூடின. தான் வரைந்தது நடக்கிறது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். வேறொன்றும் இல்லை. அதற்காகத்தான் பின்னால் அவளால் மன்னிக்க முடியவில்லை. அண்ணனையும், தன்னையும்.

“மாஷா அல்லா,” என்றாள் அம்மா. “சினிமாவாட்டம் இருக்குதே.”

ஜெய்புன்னிசா கையை நீட்டி, மவுஸை வாங்கி, பச்சை பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அது வெறும் நிறமாக இருந்தது. போட்டவனுக்கு அது எதற்கென்று தெரியவில்லை. பார்த்ததை அப்படியே எடுத்து வைத்திருக்கிறான்.

“இதை யாரு எழுதுனது?”

“கோயமுத்தூர்ல ராசப்பன்னு ஒருத்தன். நல்ல புள்ளை. நம்மகூடச் சேந்துக்கறேன்னுட்டான். எந்தக் கம்பெனிக்குக் கூப்புட்டாலும் வருவான், எந்நேரமானாலும் உக்காருவான்.”

“என்ற அட்டையை அவன்கிட்டக் குடுத்தீங்களா?”

“பழைய புரோகிராமையும் குடுத்தேன். இல்லாட்டி அவனுக்கு எப்பிடித் தெரியும்?” அவன் குரலில் ஒளிவு மறைவே இல்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. “உனக்கும் நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வரும். நீ போயிட்டா நான் என்ன பண்றது? தொழிலை நான் பாக்கோணுமல்ல?”

“என்னைக் கேக்கலீங்களே.”

அய்யூப் சிரித்தான். பொறுமையாகத்தான் சொன்னான். “ஜெய்பு, நம்மூர்ல தொழில் எப்பிடி நடக்குது? நூல் பார்ட்டிது. நிட்டிங்காரன் துணியாக்கித் தாரான், சாயக்காரன் சாயம் போட்டுத் தாரான். எல்லாம் கூலிக்குச் செய்யற ஜாப் ஒர்க்கு. துணி என்னோடதுன்னு எவனாவது கேப்பானா? நீ ஒரு வேலை செஞ்சு குடுத்தே. இப்ப அவன் அதுக்கு மேல ஒரு வேலை செய்யறான். இதுல கோவிச்சுக்க என்ன இருக்குது?”

“அண்ணன் சொல்றதுல என்ன தப்பு?” என்றாள் அம்மா. “உனக்கும் கண்ணுக்கு ஓய்வாச்சு.”

ஜெய்புன்னிசா மவுஸை மெதுவாக மேசையில் வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏதோ ஒன்று உள்ளே ஒவ்வொரு இடமாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டே வந்தது. பஸ்ஸில் பாடம் கேட்ட அண்ணன், கடையில் தலையாட்டிய அண்ணன். அன்றைக்கே அவனுக்குத் தெரியுமா? அந்தக் கறுப்புப் பெட்டியை அவள் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதே, வேறொன்றை வாங்கப் போகிறோம் என்று தெரிந்துதான் பக்கத்தில் நின்றானா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், அதே ஒளிவு மறைவில்லாத குரலில். அதனால்தான் அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவன் மறுபடி பையோடு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

“ரவூப் பாய் கம்பெனில போட்டோம். மாஸ்டரு கண்டபடி பேசறாரு. நேத்து வந்த துணிக்குப் புரோகிராம் ஆறப் போட்டாச்சான்னு கேக்கவே இல்லையாம். யாரோ அப்பிடியே எடுத்து வெட்டிட்டாங்களாம். பழைய புரோகிராம்ல அது எங்க இருக்குதுன்னு புரியாம ராசப்பன் முழிக்கிறான். அந்தப் பச்சை பட்டனுக்குப் பின்னால என்ன எழுதோணும்னு மட்டும் சொல்லு கண்ணு, போதும்.”

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“ரீ ஒர்க்குங்களாண்ணா?”

“ஆமா, அதேதான்னு வெச்சுக்கோயேன்.”

“ரீ ஒர்க்குன்னா, திருத்தறதுக்குச் சரக்கு செஞ்சவன் யூனிட்டுக்கே திரும்பி வரோணுமுங்களே. எந்தப் பார்ட்டி கையில வெச்சுக்கிட்டு, வாயில சொல்லுன்னு கேக்கறான்? லேப்டாப்பை இங்கயே உட்டுட்டுப் போங்க. மெமரி கூட்டி, சீடி போடற சாமானத்தைத் தனியா வாங்கி மாட்டிக் குடுங்க. நானே எழுதித் தாரேன். எல்லாத்தையும்.”

“நாளைக்கு ரெண்டு கம்பெனிக்குக் காட்டறேன்னு சொல்லியிருக்கறேன். எப்பிடி உட்டுட்டுப் போக?”

“அப்ப விடுங்க.”

“என்ன புள்ள இது?” அவன் குரல் உடைந்தது. நிஜமாகவே வலித்திருந்தது அவனுக்கு. “கூடப் பொறந்தவன்கிட்டப் போயி ஜாப் ஒர்க்குக் கணக்குப் பேசற?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. தான் சொன்னதே தனக்குத் திரும்பி வந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. கீரைக் காம்பை ஒடித்துத் தட்டின் ஓரத்தில் போட்டாள்.

“கொஞ்சம் எறங்கி வாயேண்டி,” என்றாள் அம்மா, உள்ளிருந்து.

அய்யூப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். வெளியே அவனுடைய மொபெட் உடனே கிளம்பவில்லை. பெடலை மிதிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கீரையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவன் திரும்பி வந்து அந்தப் பையை முன்னறையில் வைத்துவிட்டுப் போனால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. விடியவிடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவாள், பெயர் ராசப்பனுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுக்கும் பிறகு தனக்குள் அந்த ஆசை மிச்சம் இருப்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

மொபெட் பிடித்துக்கொண்டது. தெருமுனை வரைக்கும் சத்தம் போய், மற்ற வண்டிகளோடு கலந்தது.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். இரண்டாவது முறை வரைந்த அட்டைகளைக் கம்ப்யூட்டர் மேசையிலிருந்து எடுத்து அடுக்கினாள். பச்சை பட்டன் இருந்த அட்டையை மட்டும் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றுக்கு நடுவில் செருகினாள். பீரோவைத் திறந்து துணிகளுக்கு அடியில் வைத்தாள். அத்தா இருந்த காலத்திலிருந்து அந்தப் பீரோவின் சாவி அதன் துவாரத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டிவிட்டு, அதை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“யாருக்குப் பயந்துக்கிட்டுப் பூட்டற?” என்றாள் அம்மா.

ஜெய்புன்னிசா சாவியை முந்தானை முனையில் முடிந்துகொண்டு, மிச்சக் கீரையை ஆயப் போனாள்.