மூன்று முறை ஒட்டிய மூடி

விரிசல் விட்ட பம்ப் மூடியை ஒட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். நீச்சல்குளப் பராமரிப்பில் என் கணவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. ஒட்டிய இடத்தில் காற்று புகும். பம்ப் தண்ணீரை இழுக்காது. பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்தே இந்தத் தொழில் செய்கிறோம். எந்த வீட்டிலும் அவர் பசையைத் திறந்து நான் பார்த்ததில்லை.

தன் அக்கா வீட்டில் மட்டும் மூன்று முறை ஒட்டியிருக்கிறார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் வெளியூர் வேலையில் இருந்ததால் நான் போயிருந்தேன். "புதுசு வேண்டாம், ஒட்டினாப் போதும்" என்று போனில் சொன்னார். பம்ப் அறையில் குந்தி உட்கார்ந்து, மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று பழைய ஒட்டுக் கோடுகள், ஒவ்வொன்றும் உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தவை. நான்காவதாக ஒரு புது விரிசல். 'சாமான் வாங்கிட்டு வரேன்' என்று அவர் கிளம்பிப் போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. எங்கள் சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது. குழாயின் கழுத்தில் துணி கட்டி வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு வாஷர் மாற்ற நேரமில்லாத கை இங்கே இவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறது. வயிறு எரிந்தது. ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பார்த்தா என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டும் எரிச்சல் குறையவில்லை.

பிறகு மூடியின் விளிம்பைக் கவனித்தேன். பல் பதிந்த தடங்கள். கையால் மட்டும் முறுக்க வேண்டியதை யாரோ பைப் ரெஞ்சால் முறுக்கி உடைத்திருந்தார்கள். பம்புக்குப் பின்னால், துண்டில் சுற்றி, அந்த ரெஞ்சும் இருந்தது. நாத்தனார் தனியாக இருக்கும் வீடு, வேறு யார்? இந்தத் தடம் என் கணவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தன்னை வரவழைக்கத்தான் அக்கா உடைக்கிறார் என்று தெரிந்தேதான் வந்துபோயிருக்கிறார். அதுதான் இன்னும் சுட்டது.

நாத்தனார் கதவருகில் வந்து நின்றார். "என்னம்மா, ஒட்டலாமா, மாத்தணுமா?"

"மாத்திடலாம் அண்ணி. வண்டியில புதுசு இருக்கு."

சரியான பதில்தான். பம்புக்காகச் சொன்ன பதில் இல்லை.

"ஒட்டினாலே போதும்னு தம்பி சொல்வானே."

"ஊருக்கெல்லாம் மாத்தச் சொல்றவரு அவரு."

"நான் ஊரா?"

நான் வண்டிக்குப் போய்ப் புது மூடியை எடுத்து வந்தேன். அதைக் கையால் முறுக்கினேன், பம்பை ஓடவிட்டேன், ரெஞ்சை எடுத்து என் பையில் போட்டேன்.

"அது என்னோடது."

"எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது அண்ணி. வேணும்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

நாத்தனார் என் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஊர்ல பாதிப் பம்பை நீதான் கழட்டி மாட்டுற. ஒரு வாஷர் போட உனக்கு அவன் வரணுமாக்கும்."

பையின் பக்க அறையில் ஒரு டப்பா நிறைய வாஷர்கள் இருந்தன. ரெஞ்சை எடுத்து, துண்டில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

"இதுவும் உடைஞ்சா?" என்றார் நாத்தனார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"அவரையே கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம்."

"ஞாயித்துக்கிழமைதானேம்மா அவனுக்கு லீவு."