மிச்சமாய் ஒரு போல்ட்

வியாழக்கிழமை மதியம் காலி பிஸ்கட் டப்பாவைக் குப்பையில் போடப் போனார் லயனல் டிப்பெட். டப்பாவின் அடியில் ஏதோ உருண்டு 'டங்' என்றது. எட்டிப் பார்த்தார். ஒரு போல்ட். எட்டு மில்லிமீட்டர் தடிமன், நாற்பது நீளம். எண்ணெய் மினுமினுப்புகூடப் போகாத புதுசு.

அவர் முதலில் செய்த காரியம், கராஜ் கதவை உள்ளே தாழ் போட்டதுதான்.

பின்னால் நின்றுகொண்டிருந்தது வண்டி. கூரை கிடையாது, கதவு கிடையாது, ஏறுகிறவர் காலை மடக்கிப் படகுக்குள் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். ஐம்பத்திரண்டு அட்டைப் பெட்டிகளில் உதிரி உதிரியாக வந்து இறங்கியதை மூன்று வருஷமாக உட்கார்ந்து பூட்டியிருந்தார். அரசாங்கப் பரிசோதகர் வந்து சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஹாதர்டன் மேட்டில் கார் கிளப்பின் மலையேற்றப் பந்தயம். வண்டிக்கு அதுதான் முதல் களம்.

இதே போல்ட் இன்னொருவர் கராஜில் உருண்டிருந்தால் விஷயம் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். லயனல் கராஜில் அது உருளக் கூடாது. கிளப்பின் மாதப் பத்திரிகையில் 'பூட்டும் கை' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதுகிறவர் அவர். முப்பது வருஷம் தீத்தடுப்புச் சோதனை அதிகாரியாக இருந்தவர். அடுத்தவர் கட்டடத்தில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. மார்ச் மாத இதழில் இப்படி எழுதியிருந்தார்: "வண்டி முடிந்தபின் ஒரு போல்ட் மிச்சம் கிடக்குமானால், குறை போல்ட்டினுடையதன்று, பூட்டியவனுடையது. நான் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிய பிறகே அதன்மேல் மஞ்சள் கோடு இடுகிறேன். அந்தக் கோடு என் சொல்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கிளப்பில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் லயனல் கழிவறைக்குப் போயிருக்கும்போது.

அதெல்லாம் போகட்டும். அவரை உலுக்கியது வேறு விஷயம். பந்தயத்துக்கு ஒரே வண்டியில் இரண்டு பேர் பெயர் கொடுக்கலாம். ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் ஏறுவார். இரண்டாவது பெயர் ரோவினா டிப்பெட். அவர் மனைவி. இருபத்திரண்டு வருஷம் மாவட்ட நூலகத்தின் நடமாடும் வேனை, வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டிகூட ஒதுங்க முடியாத சந்துகளில் விரட்டியவள். பிரேக் என்பது அவளுக்குக் கடைசி யோசனை.

எங்கேயோ ஒரு போல்ட் இல்லாத வண்டியில் அவள்.

லயனல் எண்ண ஆரம்பித்தார். பூட்டும் வழிகாட்டிப் புத்தகத்தின்படி அந்த அளவில் அறுபத்தொன்று இருக்க வேண்டும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முதுகைச் சிமென்ட்டில் தேய்த்துக்கொண்டு, மஞ்சள் கோடு கோடாக எண்ணினார். அறுபது. திரும்ப எண்ணினார். அறுபத்திரண்டு. மூன்றாவது தடவை நாற்பத்து மூன்றில் தும்மல் வந்து கணக்கு விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை முட்டையின்மேல் ஆரஞ்சு ஜாமைத் தடவினார். தடவியதோடு நிற்காமல் சாப்பிட்டும் விட்டார்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றாள் ரோவினா. "நேத்துலேர்ந்து கால் ஒரு இடத்துல நிக்கல. பாக்கெட்ல என்ன கிலுகிலுங்குது?"

"சில்லறை."

"நீ எப்பலேர்ந்து சில்லறை வச்சுக்க ஆரம்பிச்ச?"

லயனல் கராஜுக்குப் போனார். கராஜிலிருந்து தோட்டத்துக்கு. தோட்டத்திலிருந்து மறுபடி கராஜுக்கு. கை மட்டும் பாக்கெட்டுக்குள் போல்ட்டை உருட்டிக்கொண்டே இருந்தது. சொல்லிவிடலாம்தான். சொன்னால் ரோவினா சிரிப்பாள். சிரித்துவிட்டு, கிளப்பில் இருக்கும் சிட்னி காப்பிடம் சொல்வாள். சிட்னியிடம் சொல்வதும் கோயில் மணியில் கட்டி அடிப்பதும் ஒன்று.

நினைத்த மாத்திரத்தில் சிட்னி காப் கராஜ் வாசலில் நின்றார். ஜாக்கி இரவல் கேட்க வந்திருந்தார். அவருடைய வண்டியும் வீட்டில் பூட்டியதுதான். ஒன்பது வருஷமாக ஓடுகிறது, ஒன்பது வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுகிறது. லயனல் கையில் போல்ட். ஒளிக்க நேரமில்லை. பக்கத்தில் இருந்த டீக் கோப்பைக்குள் போட்டார்.

"யோவ், என்னய்யா தனியா உக்காந்து ரகசியம் பேசிக்கிட்டிருக்க வண்டிகிட்ட?"

"கடைசிச் சரிபார்ப்பு."

"உனக்கு எதுக்குய்யா சரிபார்ப்பு? உன் கோடே உன் சொல்லாச்சே." சிட்னி காலி டிரம்மின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். "டீயக் குடி, ஆறிடப் போவுது. எனக்காகக் காத்துக்கிட்டிருக்காத."

லயனல் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் அடியில் கிணுங் கிணுங் என்றது.

"சர்க்கரை கரையலையோ?"

"கட்டிச் சர்க்கரை."

"பெரிய கட்டிதான்." சிட்னி ஜாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோப்பையின் அடியில் போல்ட் பாலாடை போர்த்திப் படுத்திருந்தது.

சனிக்கிழமை இன்னும் நான்கு முறை எண்ணினார். இரண்டு முறை அறுபத்தொன்று வந்தது. அது நல்ல செய்தி என்று சந்தோஷப்படப் போன நேரத்தில், கையில் இருப்பது அறுபத்திரண்டாவது என்றால் அது எதனுடையது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வந்த பெட்டிகளில் கூடுதலாக ஒன்றும் வரவில்லை. அதையும் அவர்தான் எண்ணி, ஏப்ரல் இதழில் பெருமையாக எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஹாதர்டன் மேட்டின் அடிவாரப் புல்வெளியில் அறுபது வண்டிகள் ஈரத்தில் நின்றன. பன்றிக்கறி வறுபடும் வாசனை, பெட்ரோல் வாசனை, மழைக்கோட்டு வாசனை. பன்னிரண்டு பேராவது வந்து லயனலின் கையைக் குலுக்கினார்கள். "கடைசியில பிறந்துடுச்சா?" என்றார்கள். லயனல் சிரித்தார். ஒருவர் மஞ்சள் கோடு பற்றிச் சந்தேகம் கேட்டார். வாய் தன்பாட்டுக்குப் பத்து நிமிஷம் விளக்கியது. கை பாக்கெட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தது.

ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் கிளப்பின் சோதனையாளர் பார்த்து ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். பெரில் ஓக்டன் அம்மாள் அதில் கறாரானவர். சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவார், அடியில் படுத்துப் பார்ப்பார், போன வருஷம் ஒரு வங்கி மேலாளரை, சீட் பெல்ட்டில் நூல் பிரிந்ததற்காக அழ வைத்தே அனுப்பினார். லயனல் அந்த வரிசையில் நிம்மதியைத் தேடித்தான் நின்றார். அம்மாள் கண்டுபிடித்துவிடுவார். அம்மாளே கண்டுபிடித்துவிட்டால், இவர் வாய் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பெரில் அம்மாள் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். மஞ்சள் கோடுகள் வரிசையாக மின்னின. நிமிர்ந்தார்.

"உன் வண்டியில நான் என்னத்த கண்ணு பாக்குறது? நீ எழுதுறதப் படிச்சுட்டுத்தான் மத்தவங்கள நான் திட்டுறேன்." ஒட்டுச்சீட்டை ஒட்டி, அதன்மேல் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"இல்ல, நீங்க கொஞ்சம் கீழ படுத்து..." என்றார் லயனல்.

"அடக்கத்தப் பாரு! அடுத்த வண்டி!"

முதல் ஓட்டம் லயனலுடையது. மேட்டில் ஏழு வளைவு, நல்ல ஓட்டுநர் ஐம்பது விநாடியில் ஏறிவிடுவார். லயனல் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினார். இடது பக்கம் ஒரு கிறீச் கேட்டது. அது அவருடைய கையுறை. இரண்டாம் வளைவில் கடகடவென்றது. அது அவருடைய முழங்கால். எழுபத்தெட்டு விநாடி. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "டிப்பெட் ஐயா இயற்கைக் காட்சிகளை ரசித்தபடி மேலே சேர்ந்துவிட்டார்" என்றார். நேரக் கணக்கில் அவருக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு வண்டி. அது பாதியில் நின்றுபோனது.

வண்டியை இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தியதும் ரோவினா தலைக்கவசத்தை மாட்டினாள்.

"ஓடிப் பழகாத வண்டிதான்," என்றார் லயனல். "மெதுவா போ."

"உன் அளவுக்கு மெதுவாவா? அதுக்கு நான் இறங்கித் தள்ளணும்."

"ரோவினா."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்லை என்று சொன்ன வாய் மூடவில்லை. அவள் போய் வரிசையில் சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் நான்கு வண்டி. லயனல் வேலியோரம் பத்தடி நடந்தார், திரும்பினார், நடந்தார். மூன்று வண்டி. தான் ஏறும்போது பயந்தது உண்மையில் பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. இரண்டு. மழைத் தூறல் நின்று சாலை காயத் தொடங்கியிருந்தது. காய்ந்தால் அவள் இன்னும் வேகமாகப் போவாள். ஒன்று. தொடக்கக் கோட்டில் இருந்த ஆள், வண்டி பின்னால் உருளாதபடி அவளுடைய பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தார். எஞ்சின் உறுமியது. சிவப்பு விளக்கு.

லயனல் வேலியைத் தாண்டினார். அறுபத்து மூன்று வயதில் தாண்டுகிற மாதிரித்தான் தாண்டினார், கால்சட்டை கிழிந்தது. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று போல்ட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"போகாத! ஒண்ணு மிச்சம் இருக்கு!"

எஞ்சின் அணைந்தது. அணைந்ததுதான் தப்பாகப் போயிற்று. அந்த அமைதியில் மேடு முழுக்கக் கேட்டது.

"என்ன மிச்சம்?" என்றாள் ரோவினா.

"போல்ட். எங்க போகணும்னு தெரியல. வியாழக்கெழமையே தெரியும். சொல்லல."

ஒலிபெருக்கி கரகரத்தது. "தொடக்கக் கோட்டில் ஒரு சிறிய தாமதம். டிப்பெட் ஐயாவிடம் ஒரு போல்ட் மிச்சம் இருப்பதாகத் தெரிகிறது. திருப்பிச் சொல்கிறேன், டிப்பெட் ஐயாவிடம்."

புல்வெளியில் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆனது. சிட்னி காப் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "அந்தச் சர்க்கரைக் கட்டிதானே இது?" என்றார்.

ரோவினா சிரிக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி இறங்கி அவரையே பார்த்தாள். "என்னை ஏத்திவிட்டுட்டு வேலி ஓரம் நின்னுக்கிட்டிருந்தியா நீ?"

லயனல் போல்ட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வண்டியை ஓரம் தள்ளினார்கள். பெரில் அம்மாள் இந்தத் தடவை தார்ப்பாயை விரித்து, மல்லாந்து, இடுப்புவரை உள்ளே போனார். பத்து நிமிஷம் காலணி மட்டும் தெரிந்தது. "எல்லா ஓட்டையிலயும் போல்ட் இருக்கு கண்ணு," என்றது காலணி. "ஒண்ணும் குறையல."

லயனலுக்கு மூச்சு வந்தது. தோள் தானாக நிமிர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன்..." என்று ஆரம்பித்தார்.

"இரு இரு. இது என்ன?"

பின் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை. அதைப் பிடித்து நிற்கிற போல்ட்டின் நட்டில் மஞ்சள் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. பெரில் அம்மாள் ஸ்பேனர் எடுக்கவில்லை. இரண்டு விரலால் பிடித்துத் திருகினார். நட் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. கோடு இரண்டாக உடைந்தது.

"நீ முறுக்கவே இல்ல கண்ணு. பெயின்ட் மட்டும் அடிச்சிருக்க."

லயனலுக்கு ஞாபகம் வந்தது. பரிசோதனை முடிந்தபின் பந்தயத்துக்காக வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தினார். அன்றைக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள். கட்டுரையோடு படம் வேண்டும்; கோடு இல்லாவிட்டால் படம் எடுபடாது. முதலில் கோடு, படம், அப்புறம் முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். படம் மிக நன்றாக விழுந்திருந்தது. இதழின் அட்டையிலேயே போட்டார்கள். பிறகு ஏழு முறை படுத்து எண்ணியபோதும் அவர் எண்ணியது போல்ட்டுகளை அல்ல, மஞ்சளை.

"நாலாவது வளைவுல கழண்டிருக்கும்," என்றார் பெரில் அம்மாள், தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே. "நீ போன வேகத்துக்கு நாளைக்குத்தான் கழண்டிருக்கும். இவங்க போற வேகத்துக்கு..." முடிக்கவில்லை. வண்டியில் ஒட்டியிருந்த சீட்டை உரித்துக் கசக்கினார். "பாக்காம ஒட்டினது என் புத்தி."

அறுபத்தொரு நட்டும் சோதிக்கப்பட்டது. லயனல் முறுக்கினார், ஒவ்வொன்றும் இறுகி ஸ்பேனர் 'டக்' என்றதும் பக்கத்தில் குந்தியிருந்த ரோவினா, "கேட்டுது" என்றாள். புதுச் சீட்டு ஒட்டியபோது மணி மூன்றாகிவிட்டது. கடைசி ஓட்டத்துக்கு நேரம் இருந்தது.

ஐம்பத்து நான்கு விநாடி. ஏழாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் புல்லைக் கிள்ளிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள், லயனலைத் தவிர. அவர் கண்ணை மூடியிருந்தார். முதல் வருஷத்துக்காரர்களுக்கான கோப்பை, உள்ளங்கை அளவு, ரோவினாவுக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே ஜன்னலோரம் லயனல் போன மாதம் ஓர் அலமாரிப் பலகை மாட்டியிருந்தார். 'செடி வைக்க' என்று சொல்லியிருந்தார். மூன்று கோப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலத்தில் இருந்தது. ரோவினா கோப்பையை நடுவில் வைத்தாள். கோப்பை மெல்ல நகர்ந்து, யோசித்து, வலது ஓரத்துக்குச் சறுக்கியது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

திரைச்சீலையை விலக்கிப் பலகையின் அடியைப் பார்த்தாள்.

"லயனல், இதுக்கு எத்தனை போல்ட்?"

"நாலு."

"மூணுதான் இருக்கு."

"அது... நாலாவது ஓட்டை திரைக்குப் பின்னால. கை எட்டல. அப்புறம் போட்டுக்கலாம்னு பிஸ்கட் டப்பால..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றார். ரோவினா முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தாள். நின்றபாட்டுக்குச் சிரித்து, முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவர் பாக்கெட்டிலிருந்து போல்ட்டை எடுத்து வைத்தார். அவள் பலகையின் அடியில் புகுந்து அதை ஓட்டையில் செருகினாள், அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

லயனல் கராஜுக்குப் போய் ஸ்பேனரோடு வந்தார். பழக்க தோஷம், மற்றக் கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா.

"அதை அங்கயே வை," என்றாள் ரோவினா. "முதல்ல முறுக்கு. நான் கேக்கணும்."