தோட்டத்துக்கு ஈடு

மாதுளை பறிக்கும் பருவத்தில் ஏணியிலிருந்து சரிந்து விழுந்த கர்பலாயி நவ்ரூஸ் அப்புறம் எழுந்து நிற்கவில்லை. கர்பலாவுக்கு யாத்திரை போய் வந்தவர் என்பதால் ஊரில் அவர் கர்பலாயி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வாயும் புத்தியும் மட்டும் பழையபடியே இருந்தன. யஸ்த் நகரத்திலிருந்து வந்த வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். குளிரைத் தாண்டினால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கழுதையில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கே கர்பலாயி என்னைக் கூப்பிட்டார். அவர் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டுவதும் தண்ணீர் கட்டுவதும் என் வேலை.

"யதுல்லா, முல்லா சைனலைக் கூட்டிக்கிட்டு வா. தம்பிக்கும் சொல்லிடு. ஒளிச்சு எழுதினான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது."

என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். பிள்ளையில்லாமல் புருஷன் போனால் பெண்டாட்டிக்கு நாலில் ஒரு பங்கு. அதுவும் மண்ணில் கிடையாது. மரத்துக்கு விலை போடுவார்கள், சுவருக்கும் கூரைக்கும் விலை போடுவார்கள், அதில் நாலில் ஒன்றைக் கையில் வைத்து வாசலைக் காட்டுவார்கள். மண் புருஷனுடைய ஆட்களுக்கு. கர்பலாயியின் மனைவி கௌஹர் அம்மாவுக்குப் போய் நிற்கப் பிறந்த வீடும் இல்லை. அந்தத் தோட்டத்தில் குழி வெட்டியது நான் என்றால், கன்று வைத்தது எல்லாம் அந்த அம்மாவின் கைதான்.

உயிரோடு இருக்கும்போதே உடன்படிக்கை எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வம்பு இல்லை. ஆனால் சும்மா கொடுத்தது நிற்காது, திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அதனால் பெயருக்கு ஏதாவது ஒன்றை ஈடாக வாங்கிக்கொள்வது வழக்கம். பெரும்பாலும் ஒரு கட்டி கல்கண்டு.

மறுநாள் காலையில் எல்லாரும் கர்பலாயியின் படுக்கையைச் சுற்றி உட்கார்ந்தோம். தலைமாட்டில் தம்பி அபூதுராப். கால்மாட்டில் முல்லா, மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. சாட்சிக்காக நான் கதவோரம். குறுக்கே கட்டிய திரைக்குப் பின்னால் கௌஹர் அம்மா. கூடவே அபூதுராபின் இளைய பெண்டாட்டி தூபாவும் வந்திருந்தார். அவர் எங்கே போனாலும் தக்ளியோடுதான் போவார். நூல் சுற்றும் அந்தச் சின்ன சத்தம் திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

முல்லா எழுதியதைப் படித்தார். தோட்டம், மண்ணோடும் மரத்தோடும் தண்ணீர் முறையோடும் வீட்டோடும் கௌஹருக்கு.

"ஈடு எங்கம்மா?" என்றார்.

திரைக்குக் கீழே ஒரு செம்புத் தட்டு நகர்ந்து வந்தது. அதில் கல்கண்டு. கர்பலாயி கை நீட்டுவதற்குள் அபூதுராப் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"முல்லா ஐயா, இது நான் முந்தாநாள் அண்ணனுக்கு இருமலுக்குன்னு வாங்கியாந்தது. நல்ல சரக்கான்னு இந்த ஓரத்தை நானே கடிச்சுப் பார்த்தேன். பல் பட்ட இடம் இதோ இருக்கு."

முல்லா பேனாவைக் கீழே வைத்தார்.

"கௌஹர் அம்மா, இது உங்களுதா?"

"அலமாரியில இருந்துச்சு. எடுத்து வெச்சேன். கல்கண்டுன்னா கல்கண்டுதானேன்னு நெனச்சேன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"ஈடு உங்க சொத்தா இருக்கணும். அவர் பொருளை அவர்கிட்டயே குடுத்து அவர் தோட்டத்தை வாங்க முடியாது."

"நான் அவளுக்கு அதைக் குடுத்துட்டேன். இப்பக் குடுத்துட்டேன். ஆச்சா?" என்றார் கர்பலாயி.

"ஏன் அண்ணே, உன் வலது கையிலேருந்து இடது கைக்கு மாத்துறதுக்குப் பேர் வியாபாரமா?" அபூதுராப் குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கு என் பசங்க யஸ்த் காஜிக்கு முன்னால போய் நிப்பாங்க. அவர் இதைக் கிழிச்சுப் போடுவார். அண்ணியை நான் தெருவுல விட்டுடுவேனா? என் வீட்டுல ஒரு அறை இருக்கு."

"அந்த அறையில ஆடு கட்டியிருக்கீங்களே கொழுந்தனாரே. அதை எங்க அனுப்புவீங்க?" என்றார் கௌஹர் அம்மா.

கர்பலாயிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, முடிய நேரமாயிற்று. முல்லா காத்திருந்தார்.

"அம்மா, உங்களுக்குன்னு சொந்தமா என்ன இருக்கு? கல்யாணத்துல அவர் தர்றதா ஒத்துக்கிட்ட மஹர் பாக்கி இருந்தா அதையே ஈடா வெச்சிடலாம்."

"இவர் கர்பலாவுக்குப் போறப்ப மஹரை விட்டுக்குடுத்துட்டேன். பெண்டாட்டி கடனைத் தலையில வெச்சுக்கிட்டு இமாம் சமாதி முன்னால நிக்கக் கூடாதுன்னு ஊருல சொன்னாங்க."

"சீதனப் பாத்திரம்?"

"பஞ்சத்துல வித்தோம். சட்டி, அண்டா, குளிக்கிற கிண்ணம் எல்லாம் போச்சு. அதை வித்து வாங்கின பார்லியைத்தான் இவரும் தின்னாரு, இந்தக் கொழுந்தனாரும் தின்னாரு."

அபூதுராப் தரையைப் பார்த்தார்.

"போட்டிருக்கிற துணி?"

"அவர் எடுத்துக் குடுத்தது."

வேறு கேட்க முல்லாவுக்கு எதுவும் அகப்படவில்லை. மரத்துக்கும் சுவருக்கும் விலை போட்டு அந்த அம்மாவை வெளியே அனுப்புவது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஐயா, என் மண்வெட்டி வாசல்ல சாத்தியிருக்கு. அதை அம்மாவுக்கு நான் குடுத்துடறேன்."

"நீ அந்நிய ஆம்பள. திரைக்குப் பின்னால இருக்கிற பொம்பளைக்கு நீ என்னத்துக்குப் பரிசு குடுக்கிறேன்னு ஊர்ப் பொம்பளைங்க குளியல் மண்டபத்துல கேப்பாங்க. சும்மா உக்காரு" என்றார் முல்லா. அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. மைக்கூட்டை மூடுவதற்கு மூடியைத் தேடினார்.

அப்போதுதான் தக்ளிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

"முல்லா ஐயா, ஒரு கேள்வி" என்றது தூபாவின் குரல். "பெண்டாட்டி நூத்த நூல் யாருது?"

"பஞ்சு யாருது?"

"அர்தகானிலேருந்து என் தம்பி அனுப்பினான். எனக்குன்னு."

"தக்ளி?"

"எங்க அம்மா குடுத்தது."

"அப்ப நூல் உன்னுது. இந்தப் பேச்சுல உன் புருஷனுக்கு இடமே இல்ல."

"அப்படின்னா இந்த நூல்கண்டை நான் என் ஓரகத்திக்குக் குடுக்கிறேன். பொம்பள பொம்பளைக்குக் குடுத்தா குளியல் மண்டபத்துல ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?"

அபூதுராப் திரையின் பக்கம் முழுக்கத் திரும்பிவிட்டார். "அடியே, அது என் சட்டைக்குன்னு சொன்னியே."

"சொன்னேன். இன்னும் நெய்யலையே."

"உன் வீட்டு விஷயமா இது?"

அமைதியான குரலில் தூபா சொன்னார்: "எனக்கும் பிள்ளை இல்லீங்க. மூத்தவ பெத்த பசங்க யஸ்த் காஜிகிட்ட போவாங்கன்னு இப்ப நீங்கதான் சொன்னீங்க. போற வழி தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு. என்னையும் ஆட்டோட கட்டுவாங்களான்னுதான் கேக்கிறேன்."

முல்லா தாடிக்குள் விரலை விட்டுக்கொண்டு யோசித்தார். சட்டத்தைத்தான் யோசித்தாரா, சிரிப்பை அடக்கினாரா, தெரியாது. பிறகு பேனாவை எடுத்துக் கல்கண்டு என்று எழுதியிருந்ததை அடித்து, பஞ்சு நூல்கண்டு ஒன்று என்று மேலே எழுதினார். திரைக்குப் பின்னால் நூல் கை மாறியது. "வாங்கிக்கிட்டேன்" என்று கௌஹர் அம்மா இரண்டு தடவை சொன்னார்.

தட்டில் நூல்கண்டு வந்தது. கர்பலாயி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டேன். தோட்டம் அவளுது."

முல்லா முத்திரை வைத்தார். நான் என் பெயரை மெதுவாக எழுதினேன். அபூதுராப் மோதிரத்தைக் கழற்றி மையில் தோய்த்துத் தன் முத்திரையையும் வைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வைத்துவிட்டு, "சட்டை இல்லாம அலையப் போறேன்" என்று முனகினார்.

கர்பலாயி பெரிய குளிரில் போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் சடங்கெல்லாம் முடிந்து, மரங்களுக்கு எரு வைக்கும் வேலை தொடங்கியிருந்தது. நானும் கௌஹர் அம்மாவும் கூடை தூக்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்துக் கதவை யாரோ தட்டினார்கள். பிளவு வழியாகப் பார்த்தேன், அபூதுராப். அண்ணன் இருந்தவரைக்கும் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வருகிறவர்.

"அண்ணி, நான்தான்" என்றார் வெளியிலிருந்து. "இந்த வருஷம் தண்ணி முறையில ஒரு பொழுது எனக்கு விட்டுக்குடுப்பீங்களான்னு கேக்க வந்தேன். தூபா பேருக்கு நான் ஒரு துண்டு நிலம் எழுதிக் குடுத்திருக்கேன். புதுக் கன்று வெச்சிருக்கா."

கௌஹர் அம்மா கூடையை இறக்கிவிட்டு, கையைத் தட்டி மண்ணை உதிர்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார்.

"இருங்க, வரேன்" என்றார்.