நாய்களுக்கும் ஒரு குழந்தைக்கும் மெல்லிய கிட்டார்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. என் பூனைக்குக் காதில் புண். கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பிராணிகள் மருத்துவமனையில் போய் உட்கார்ந்திருந்தேன். சுவரிலிருந்த ஸ்பீக்கரில் யாரோ அவசரமே இல்லாமல் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சட்டென்று நின்றுபோனது. வரவேற்பு மேசையிலிருந்து சீட்டு கொடுக்கும் பெண், எல்லோருக்கும் அவர் சீட்டக்கா, தலையைக்கூடத் தூக்காமல், "அங்க பாப்பா தூங்கப் போகுது," என்றார்.

எந்தப் பாப்பா என்று கேட்டேன். அவ்வளவுதான். முழுக் கதையும் வந்துவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இசைக்கு எல்லையே கிடையாது என்பதை அந்த மருத்துவர்..." வேண்டாம். பள்ளி ஆண்டு விழாப் பேச்சு மாதிரி இருக்கிறது. அடுத்து: "கூடத்தில் நாய்கள் குரைத்தன." பரவாயில்லை. உண்மையும்கூட.

டாக்டரம்மாவுக்கு அந்தக் குரைப்புதான் தலைவலி. ஊசிக்கு வந்த ஒன்று ஊளையிட்டால் போதும், இருக்கிறதெல்லாம் சேர்ந்துகொள்ளும். இசை போட்டால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். புல்லாங்குழல் போட்டுப் பார்த்தார். கிளி ஒன்று போட்டிக்கு வந்தது. 'மழைநாள் கிட்டார்' என்று ஒன்றைப் போட்டார். நடுவில் நிஜமான இடிச்சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கன்றுக்குட்டி அளவுள்ள நாய் ஒன்று பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. (பெஞ்சைத்தான் தூக்க வேண்டியதாயிற்று.) கடைசியில், மதியச் சாப்பாட்டையும் மறந்து தேடிய ஒரு நாளில் அது அகப்பட்டது. குரல் இல்லை, தாளம் இல்லை, ஒற்றை கிட்டார். கம்பிமேல் விரல் வழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. கூடம் மெல்ல அடங்கியது. பூனைகள் கண்ணை மூடின. காத்திருந்தவர்களில் ஒருவர் குறட்டையே விட்டார்.

(இங்கே ஒரு தகவலைச் செருகியாக வேண்டும். ஸ்பீக்கருக்கு இசை வருவது போனிலுள்ள ஒரு செயலியிலிருந்து; அதன் கணக்கு, டாக்டரும் அவர் தங்கையும் ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்த காலத்தில் சேர்ந்து தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒருவர் போனில்தான் ஓடும். இன்னொருவர் போட்டால் இது நின்றுவிடும்.)

3

தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கதைக்குப் போதாது என்று தோன்றியதால், சொத்துத் தகராறு ஏதாவது வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நடந்தது இவ்வளவுதான். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளும் அவள் கணவரும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பெயர் வைத்தார்கள். போனில் கேட்டதும் டாக்டர், "ரொம்ப நல்ல பேருடி. இந்தப் பேர்ல எங்கிட்ட மூணு நாய் வருது," என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். மூன்றும் தங்கமான நாய்கள். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். (பெயரை நான் சொல்லப்போவதில்லை. வாசகர்களில் யாருக்காவது அந்தப் பெயர் இருந்து தொலைக்கும்.)

மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. குழந்தை குப்புற விழுந்ததோ, தவழ்ந்ததோ, பெரியம்மாவுக்குத் தெரியாது.

4

கிட்டார் அகப்பட்ட மறுநாள் மதியம் இசை பாதியில் நின்றது. சீட்டக்கா மேசைமேல் இருந்த டாக்டரின் போன் திரையைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி போன்ல ஓடுதுன்னு காட்டுது டாக்டர்," என்றார்.

"மறுபடி போடுங்க."

போட்டார். நின்றது. போட்டார். நின்றது. கூடத்தில் ஊளை கிளம்பியது. (இந்த இடத்தில் டாக்டரைக் கொஞ்சம் பெருந்தன்மையாகக் காட்ட ஆசைப்பட்டேன். அவர் இடம் கொடுக்கவில்லை. "விடாதீங்க, போடுங்க," என்றுதான் சொன்னாராம்.)

பிறகு அவரே வந்து திரையைப் பார்த்தார். தங்கை போட்டதும் அதே கிட்டார். இவர் தேடிப் பிடித்துச் சேமித்து வைத்தது, பொதுக் கணக்கு என்பதால் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது. உச்சி மதியத்தில் இவ்வளவு மெதுவான இசை எதற்கு என்று புரிய அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"விட்டுடுங்க," என்றார். "பிள்ளை தூங்கட்டும்."

அதன்பின் மதியந்தோறும் கூடம் குரைத்தது. "நமக்குன்னு தனியா ஒரு கணக்கு தொடங்கிக்கலாமே டாக்டர்?" என்று சீட்டக்கா கேட்டிருக்கிறார். நீங்களும் கேட்பீர்கள். "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டாராம். ஆனால் இசை நிற்கிற நேரத்தில், கையில் எந்த வேலை இருந்தாலும், ஸ்பீக்கரை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாராம்.

5

இவ்வளவையும் எழுதிவிட்டு முடிவு கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பூனையின் காது ஆறிவிட்டது. இருந்தாலும் தூக்கிக்கொண்டு போனேன். பூனை என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று கிட்டார் நிற்காமல் ஓடியது. கூடம் பரம அமைதி. "நாலஞ்சு நாளா நிக்கவே இல்ல," என்றார் சீட்டக்கா என்னிடம் மெதுவாக. "டாக்டர் சரியாவே சாப்பிடல."

அவர் வாய் மூடவில்லை, டாக்டர் வெளியே வந்தார். இரண்டு கையிலும் ஒரு நாய்க்குட்டி, அதன் காலில் பாதிக் கட்டு. "அவளுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல வைங்க, எனக்குக் கை காலியா இல்ல."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தாள்.

"என்ன?"

"பாட்டு போடலையேடி நீ," என்றார் டாக்டர். "பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும்..."

அந்தப் பக்கம், தங்கைக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. பெரியம்மா அந்தக் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நாய்க்குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பல்லு முளைக்குது," என்றாள் தங்கை. "கிட்டாருக்கெல்லாம் மசிய மாட்டேங்குறா."

"கீழயா?"

"கீழ ரெண்டு."

"ஈறு வீங்கியிருக்கும். நாய்க்குட்டிக்கெல்லாம் பல்லு வர்றப்ப நாங்க..."

டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சீட்டக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

(தங்கை போனை வைத்துவிடுவதாக ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். விம்மி அழுவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது வேறு.)

"சொல்லு," என்றாள் தங்கை. தூக்கம் கெட்ட குரல். "நாய்க்குட்டிக்கு என்ன குடுப்ப?"

"சுத்தமான துணிய நனச்சு, சுருட்டி, குளிர வச்சு, கடிக்கக் குடுப்பேன்."

"சரி. வந்து குடு."

6

துணி நனைந்து, சுருண்டு, தடுப்பூசி மருந்துகளுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டிக்குள் போனதை நான் பார்த்தேன். அதற்குள் என் முறை வந்துவிட்டது. டாக்டர் பூனையின் காதைத் திருப்பிப் பார்த்து, "நல்லா ஆறிடுச்சே. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

முடிவு தேடி வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எப்போது கிளம்புகிறீர்கள், தங்கையிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் அது அவர் குடும்ப விஷயம். கேட்காதவரை நம் கதை. "சும்மா ஒரு சந்தேகம்," என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

தங்கை வீட்டு வாசல்வரை அவரைக் கொண்டுவந்து விடுகிறேன். கதவைத் தட்டுவது உங்கள் பாடு. துணியின் குளிர்ச்சி போவதற்குள் தட்டிவிடுங்கள்.