காலர் மடிப்பில் ஒரு புழு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை என் பழைய கம்பளிக் கோட்டை உதறினேன். காலர் மடிப்பிலிருந்து அரிசி அளவில் ஒரு புழு விழுந்தது. அந்துப்பூச்சியின் புழு. கம்பளியும் பட்டும்தான் அதற்குச் சாப்பாடு.

2

முதல் தொடக்கம்: "அவளுக்குப் பழைய உடைகள் என்றால் உயிர். எண்பது வருடத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு, அருங்காட்சியகமாகிவிட்ட பழைய வீடுகளுக்கெல்லாம் போவாள். அந்த அறைகளில் அவள் மட்டும் கம்பீரமாக..."

நிறுத்திவிட்டேன். எதற்கு இந்த வேஷம்? அவள் நான்தான்.

3

மூன்று மாதம் முன்பு போன ஒரு வீட்டில், மாடிப் படுக்கையறையில், அந்த வீட்டு அம்மாளின் கல்யாணப் பட்டுடுப்பைப் பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒரு கயிறுதான் தடுப்பு. அறைக் காவலராக ஒரு அம்மா. என் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த ரூமுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கும்மா. கயித்தைத் தாண்டி வந்து பக்கத்துல நில்லுங்க, போட்டோ எடுத்துத் தரேன்."

"உள்ள வரலாமா?"

"வரக்கூடாதுதான். ஒரு நிமிஷம்தானே, வாங்க."

நின்றேன். என் கோட்டுக்கை பட்டில் உரசியது.*

* உரசவில்லை என்று போன வரைவில் எழுதியிருந்தேன். போட்டோவில் உரசுகிறது.

4

நேற்று மறுபடி போனேன், பருத்திச் சட்டையில். மாடியறை பூட்டியிருந்தது. காவலர் அம்மா கீழே ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"உடுப்பு பூரா ஓட்டைம்மா. நான் ஜன்னலைத் தொறந்து வெச்சுத்தான் பூச்சி வந்துச்சாம். வியாழக்கிழமை விசாரணை. அந்த ஜன்னலை நான் தொட்டதே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் போட்டோவை மட்டும் யார்கிட்டயும் காட்டிடாதீங்க."

பூச்சி என் கோட்டிலிருந்துதான் போனது என்று சத்தியம் செய்ய முடியாது. [இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதிவிட்டேன். ஒரு முறைகூட நிம்மதி வரவில்லை.]

5

அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கதைல எத்தனை புளுகு புளுகறே! அங்க போய் ஒண்ணு சொல்லேன். பூச்சி உன் கோட்டுலேர்ந்துதான் வந்துச்சு, அந்தம்மா அந்தப் பக்கம் திரும்பினப்ப நீயாக் கயித்தைத் தாண்டினேன்னு சொல்லு."

"அப்புறம் என்னை எந்தப் பழைய வீட்டுலயும் உள்ள விடமாட்டாங்கக்கா."

"விடாட்டிப் போகட்டும். அந்தம்மாவுக்கு வேலை போயிடும்டி."

6

முடிவு ஒன்று: நான் வாயைத் திறக்கவில்லை. காவலர் அம்மா... எழுதவே கை கூசுகிறது.

முடிவு இரண்டு: நான் போகிறேன், பொய் சொல்கிறேன், அவர்கள் நம்பு—

இந்த முடிவுக்கு ஒரே இடைஞ்சல் இந்தக் கதைதான். மூன்றாம் பகுதியில் உண்மையை எழுதித் தொலைத்துவிட்டேனே. கிழிக்கவும் மனம் வரவில்லை, எழுதுகிறவள் புத்தி அப்படி.

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. பயமாகத்தான் இருக்கிறது, போகிறேன். நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். யாராவது கேட்டால், மூன்றாம் பகுதி முழுக்க என் கற்பனை என்று சொல்லுங்கள். அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிடவே இல்லை.