பழகிப்போச்சு

என் பேர் தானியேல். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு டிரம் பக்கம் வேலை. பச்சைத் தோலிலிருந்து மயிர் கழற்றும் இடம் அது. அங்கே எட்டு மணி நேரம் நின்றவன் எந்த லட்சணத்தில் வீடு திரும்புவான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஜீவா வைத்த சட்டம் ஒன்றுதான்: பின்பக்கம் போய்க் குளித்த பிறகே வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அது தவறியதில்லை.

அப்புறம் ஒரு கடுங்காய்ச்சலில் படுத்தாள். எழுந்த பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நான் வந்த கோலத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்கவில்லை. கேட்டால், பழகிப்போச்சு என்றாள். எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் பதில் அது. எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. கடைசியில் நாற்றத்தோடேயே என்னை ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன், மடையன்.

ஆனால் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் முப்பத்தொன்பதுக்கு வந்துவிட்டாள். ரத்தம், ஸ்கேன் எதிலும் குறையில்லை என்றார்கள். குழம்பில் ஒருநாள் பெருங்காயம் ஜாஸ்தி, ஒருநாள் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. நான் தட்டைத் தள்ளியிருக்கிறேன், பிடிவாதக்காரி என்று கத்தியிருக்கிறேன். அவள் வளையல் முழங்கை வரை ஏறுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

வேலூரிலிருந்து ஹுமேரா என்ற உணவு விஞ்ஞானி பரிசோதனைக்கு ஆள் கேட்டு எங்கள் ஷாப்புக்கு வந்தார். சாப்பாட்டில் இருக்கும் ரசாயனங்களை உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடிக்க முடியாவிட்டால் மனிதன் என்ன ஆகிறான் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அவரும் ஆம்பூர்ப் பெண்தான். காரணமில்லாமல் இளைத்தவர்கள் வீட்டில் யாராவது உண்டா என்று கேட்டார். மறுநாளே ஜீவாவை அழைத்துக்கொண்டு அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

வரிசையாகச் சின்னப் புட்டிகள். காப்பித்தூள், மல்லிகை, நெய், கடைசியில் கெட்டுப்போன கருவாடு. ஜீவா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து, தண்ணீர் என்றாள். கருவாட்டையும் தண்ணீர் என்றதும் நான் சிரித்துவிட்டேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

ஹுமேரா என்னிடம் ஒரு மிட்டாயை நீட்டினார். "மூக்கை இறுக்கிப் புடிச்சிக்கினு வாயில போடுங்கண்ணா. நான் சொல்ற வரைக்கும் உடாதீங்க."

போட்டேன். வெறும் தித்திப்பு. என்ன மிட்டாய் என்று கேட்டார், சர்க்கரை என்றேன். இப்போது விடுங்கள் என்றார்.

விட்டேன். ஏலக்காய்! தொண்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பி மண்டை முழுக்க நிறைந்தது. மிட்டாய் அதேதான், நாக்கும் அதேதான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, கறிச்சாற்றின் ருசி, நாக்குக்குத் தெரிந்தது இந்த ஐந்துதான் என்றார் ஹுமேரா. மீதி அத்தனையும் வாயிலிருந்து பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறுகிறதாம். தபால்தலை அளவு இடத்தில் நூற்றுக்கணக்கான வகை உணரிகள் அங்கே காத்திருக்கின்றனவாம். நாற்பத்தாறு வருஷம் இப்படி ஓர் அதிசயத்தை முகத்தில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், தெரியாமல்.

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து அக்கா ரெண்டு வருஷமா மூக்கைப் புடிச்சிக்கினு சாப்புடுறாங்க" என்றார் அவர்.

தள்ளிய தட்டெல்லாம் கண்முன் வந்தது.

அடுத்து சுக்குத்தூள் புட்டியைத் திறந்தார். ஜீவா சட்டென்று பின்னால் சாய்ந்தாள், கண்ணில் நீர். சுருக்கென்று ஏறுகிறது என்றாள். காரத்தையும் புதினாவின் குளிர்ச்சியையும் சொல்லும் நரம்பு வேறு, அது உயிரோடு இருக்கிறது என்று ஹுமேரா விளக்கினார். அந்த நரம்பை நம்பியே சாப்பாட்டை மாற்றினார்: மிளகு போட்டு வறுத்த வேர்க்கடலை, புதினா தயிர், எலுமிச்சை பிழிந்த முட்டை, பல்லுக்கு மொறுமொறுப்பாக ஏதாவது. மூக்குக்குப் பயிற்சியாகக் காலையும் மாலையும் நான்கு புட்டி முகரச் சொன்னார். வாசனை திரும்பத் தெரியும் என்று மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை.

ஜீவா நாற்பத்தைந்து கிலோவுக்கு வந்தாள். புட்டிகள் மட்டும் தண்ணீராகவே இருந்தன.

பயிற்சி தொடங்கி ஒன்பதாவது மாதம், ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்து வந்தவன் அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடலை எடுத்த அவள் கை பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடினாள்.

"இன்னாங்க இது, இப்டி நாறுது? எழுந்து போங்க. மொதல்ல குளிச்சிட்டு வாங்க."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

முந்தானையை எடுக்காமலே, அழுதுகொண்டே, இன்னொரு முறை சொன்னாள்.