குடிக்காத அப்பா

அண்ணனுடைய பரிசோதனை முடிவை அவள் மருத்துவரின் மேசைக்கு முன்னால் நின்றபடியே படித்தாள். நாலாவது வரியில் கண் நின்றுவிட்டது. ஆறு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் அவள் நுண்ணோக்கியில் பார்த்துவரும் அதே புரதம்.

செல்லின் கருவுக்குள் வேலை செய்யும் புரதங்கள் வெளியேதான் உருவாகின்றன. அவற்றைத் தூக்கிப்போய் உள்ளே சேர்க்கத் தனிப் புரதங்கள் உண்டு. சரக்கின் வால்நுனியைப் பிடித்துப் பார்த்து, இன்னாரென்று தெரிந்தால்தான் அவை தூக்கும். அண்ணனுக்கு அந்த வால்நுனியை வகுக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. தூக்க ஆளில்லாமல் சரக்கு வெளியிலேயே தேங்கிப்போய், தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டு வயதில் அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை.

இது பெரும்பாலும் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வருவது என்ற மருத்துவர், அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். குடித்தே செத்தார் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அப்பா கையில் ஒரு கிளாஸைக்கூட அவள் பார்த்ததில்லை. தள்ளாடிய நடையும் குழறிய பேச்சும்தான் நினைவில் இருந்தன.

வீட்டில் அம்மா வழக்கம்போல் அண்ணியைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள். இவள் காலடி வைத்த நேரம்தான் பிள்ளை படுத்துவிட்டானாம். அண்ணி தலை நிமிராமல் அண்ணனின் சாப்பாட்டை மசித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா குடிச்சாரா?”

ஊருக்கே தெரிந்ததுதானே என்றாள் அம்மா.

“ஊரை விடு. நீ பாத்தியா?”

நெடுநேரம் மழுப்பிவிட்டு அம்மா கக்கினாள். அப்பாவுக்கும், அவரைப் பெற்ற தாத்தாவுக்கும் இதே வியாதியாம். குடும்பத்தில் ஓடுவது என்று அன்றைக்கே மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது, குடி என்றே சொல்லிவிடலாம் என்று யோசனை கொடுத்தவர் சித்தப்பா.

“குடிகாரன் பிள்ளைங்கன்னா எப்படியாவது கல்யாணம் நடந்துடும். இந்த வியாதின்னா எவன் வாசப்படி மிதிப்பான்?”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடிகாரன் மகள் என்று இருபத்தைந்து வருஷம் தலை குனிந்து நடந்திருக்கிறாள். “அவர் பேரைக் கெடுத்தது பத்தாதுன்னு இப்ப அண்ணி பேரா?” என்றாள்.

அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “என் பொண்ணுக்கும் வருமா?”

“பாதிக்குப் பாதி, அண்ணி. எனக்கும் அப்படித்தான்.”

அண்ணி மாமியாரைப் பார்த்தாள். “எல்லாம் தெரிஞ்சுதான் என்னைப் பொண்ணு கேட்டு வந்தீங்களா, அத்தை?”

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் சித்தப்பாவை வரவழைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. அண்ணனின் கட்டிலருகே நிறுத்தி, நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். குடும்ப மானத்துக்காக என்று அவர் இழுத்தபோதெல்லாம், “மேல சொல்லுங்க” என்றாள்.

அண்ணன் முழுவதையும் கேட்டான். பிறகு குழறலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “கடைசி நாள்ல அப்பா என்னைக் கூப்பிட்டாரு. குடிகாரன்னு நான் போகல.”

சித்தப்பா கண்ணைத் துடைத்தார்.

“அழாதீங்க,” என்றாள் அவள். “இந்த வீட்ல நீங்க அழக் கூடாது.”

அவர் படியிறங்கிப் போனதும் மருத்துவருக்குப் போன் செய்து, தன் ரத்தத்தையும் அண்ணன் மகளுடையதையும் பற்றிப் பேச நாள் கேட்டாள். கை இன்னும் கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. கோபம்தானா என்று ஒரு கணம் அதையே உற்றுப் பார்த்தாள்.